கலவை ஊர்க்காரனும் ஒரு கலவைக் கோளாறும்

பரீட்சை முடிந்து ஒரு வாரமாக வீட்டில்தான் இருக்கிறேன். பிரியாணி, கிரிக்கெட், வருமான வரி என்று எதையெதையோ எழுதியாச்சு. இந்த முறை கார். பி.காம். படிக்கிறவனுக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். ஒன்றும் தெரியாமல் கை வைத்ததால்தான் இந்தப் பதிவே. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். என்ன, இதில் பாதிச் செலவுக்கு மேல் அப்பாவுடையது.

எங்கள் ஊர் கலவை. இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். 2019-ல் பிரிப்பதற்கு முன்னால் வேலூர் மாவட்டம். காலேஜில் சேர்ந்த புதிதில் ஊர்ப் பெயரைச் சொன்னால், "சிமெண்ட் கலவையா, கலவை சாதமா?" என்று கேட்காத ஆளே இல்லை. இனிமேல் யாராவது கேட்டால் பெட்ரோல் - காற்றுக் கலவை என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

அப்பா ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் டேனரியில் சூப்பர்வைசர். அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான் எங்கள் ஆல்டோ. 2011 மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். அப்பா டேனரிக்கு பைக்கில்தான் போவார். கார் பெரும்பாலும் ஆயாவை (அப்பாவின் அம்மா) வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக. ஓட்டுவது நான். "ஓட்டு. ஆனா எதையும் நோண்டாத" என்பது அப்பா போட்ட ஒரே கண்டிஷன்.

நான் நோண்டினேன்.

காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. யூடியூபில் ஒருத்தர் கறுப்பு பிளாஸ்டிக் ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிவப்பு நிறத்தில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை மாட்டி ஆக்சிலேட்டரை மிதித்தார். இஞ்சின் புலி மாதிரி உறுமியது. "காற்று தடையில்லாமல் போகும், பவர் ஏறும்" என்றார். ஃபில்டர் 1,150 ரூபாய். செமஸ்டர் ஃபீஸ் என்று கூடுதலாகச் சொல்லி வாங்கிய காசு கையில் இருந்தது. ஆக்சஸரீஸ் கடை ஒன்றில் 300 ரூபாய் கூலி கொடுத்து மாட்டினேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய பாக்ஸைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ரெண்டு நாள் சொர்க்கம். மிதித்தால் முன்னால் சத்தமே வேறு. வண்டி பறக்கிற மாதிரியே இருந்தது. (பறக்கவில்லை. அந்தக் கணக்கு பின்னால் வருகிறது.)

மூன்றாம் நாள் ஆற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டியை நிறுத்தி, ஜெராக்ஸ் எடுத்துவிட்டு வந்து கிளப்பினேன். ஃபர்ஸ்ட் கியர் போட்டு மிதித்தால் ஒரு விக்கல். ஒரு செகண்டு ஒன்றுமே இல்லை. காலுக்கு அடியில் பெடல் இருக்கிறது, இஞ்சின் ஓடுகிறது, ஆனால் வண்டி நகரவில்லை. அப்புறம் தள்ளிவிட்ட மாதிரி திடீரென்று குதித்தது. சும்மா நின்றால் ஐடிலிங் சரியாக இருக்கிறது. 60-ல் சீராகப் போனாலும் சரியாக இருக்கிறது. நிறுத்தி எடுத்து சட்டென்று மிதித்தால் மட்டும் இந்த விக்கல்.

அப்பாவும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, பிக்கப்பே இல்ல" என்று மெக்கானிக்கிடம் கூட்டிப் போனார். மெக்கானிக் பானெட்டைத் திறந்தவுடன் சிவப்பு ஃபில்டரைத்தான் பார்த்தார்.

"தம்பி, இது எப்ப போட்டது?"

அப்பா கொஞ்சம் தள்ளி போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, "அது ரொம்ப நாளா இருக்குண்ணா. ஆறு மாசம் ஆகுது" என்றேன்.

அந்த ஒரு பொய்தான் இந்தக் கதை. ஆறு மாதமாக ஒழுங்காக ஓடிய பொருளை எந்த மெக்கானிக் சந்தேகப்படுவார்? அவர் அதை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் பார்க்க ஆரம்பித்தார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பான தேதி போட்ட வவுச்சரைக் கொடுத்துவிட்டு ஆடிட்டரைக் குறை சொல்ல முடியுமா?

முதலில் மூன்று ஸ்பார்க் பிளக் மாற்றினார். போகவில்லை. திராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினார். போகவில்லை. அடுத்த சந்தேகம் பெட்ரோல். 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து பழைய வண்டியில் என்ன கோளாறு வந்தாலும் முதல் குற்றவாளி அதுதான். சந்தேகத்தில் நியாயமும் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலில் ஏற்கனவே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். ஆக, எத்தனால் கலந்த எரிபொருளை அதே அளவு பீய்ச்சினால் கலவையில் காற்று மிஞ்சும். சரி என்று டேங்கைக் காலி செய்து, வேறு பங்கில் பெட்ரோல் போட்டு, பாட்டில் மருந்தும் ஊற்றினோம். ஃபியூயல் ஃபில்டரையும் மாற்றினோம். விக்கல் அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறையும் அப்பா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. ஆயாவுக்குக் கண் காட்ட வேலூர் போகணும். திமிரி வழியாக ஆற்காடு, அங்கிருந்து மேல்விஷாரம் தாண்டி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். ரத்தினகிரி பக்கத்தில், "தாகமா இருக்குது நைனா" என்றார் ஆயா. சர்வீஸ் ரோட்டில் நிறுத்தி இளநீர் குடித்தோம். பத்து நிமிடம் இருக்கும். நல்ல வெயில்.

திரும்ப நெடுஞ்சாலையில் ஏற கண்ணாடியில் பார்த்தேன். ஒரு லாரி தூரத்தில் வருகிறது. போதுமான இடம் இருக்கிறது என்று மிதித்து உள்ளே நுழைந்தேன். விக்கல். பாதி வண்டி ரோட்டில். ஒன்றும் நகரவில்லை.

80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு செகண்டில் 22 மீட்டர் வரும். இதை அன்று ராத்திரிதான் கணக்குப் போட்டேன். அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் ஹார்ன் சத்தமும், கண்ணாடி முழுக்க லாரியின் முகமும்தான். டிரைவர் வலது பக்கம் ஒடித்துக்கொண்டு போனார். அவர் ஒடிக்க வலது பக்கம் காலியாக இருந்தது என்பது மட்டும்தான் நான் இதை எழுத ஒரே காரணம். அடுத்த நொடி ஆல்டோ ஒன்றும் தெரியாத மாதிரி குதித்து ஓடியது.

"இன்னா நைனா, வண்டி நின்னுடுச்சா?" என்றார் ஆயா. பின் சீட்டில் இளநீர் வழுக்கையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் லாரி விஷயத்தை மட்டும் சொன்னேன். அப்பா திட்டவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார்.

அப்பாவுக்கு இஞ்சின் தெரியாது. ஆனால் டேனரியில் ஒரு லாட் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று தெரியும். டிரம்மில் போடும் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கார்டு உண்டு. எத்தனை கிலோ தோல், என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, டிரம் எவ்வளவு நேரம் சுற்றியது என்று எல்லாம் அதில் இருக்கும். குரோமியம் உப்பு தோலுக்குள் முழுதாக ஏறியதா என்று பார்க்க, ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்காமல் இருந்தால் பதம் சரி. சுருங்கினால் கார்டை எடுப்பார்கள்.

"லாட் கெட்டா மருந்த மேல மேல ஊத்த மாட்டோம்டா. போன லாட்டுக்கும் இந்த லாட்டுக்கும் இன்னா வித்தியாசம்னு பாப்போம். நாம மூணு வாரமா மருந்து ஊத்திக்கினு இருக்கோம்" என்றார். நோட்டில் ரெண்டு தலைப்பு எழுதினார். முதல் பக்கத்தில் 'வண்டியில் மாற்றியது - தேதி'. அடுத்த பக்கத்தில் 'விக்கல் வந்தது - எப்போது, எங்கே'. "எழுதி வை. காலைல பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

முதல் பக்கத்தில் பிளக், திராட்டில் பாடி, பெட்ரோல், ஃபியூயல் ஃபில்டர் என்று நாலு வரி எழுதினேன். எல்லாமே விக்கல் ஆரம்பித்த பிறகு செய்தவை. அதற்கு மேலே ஒரு வரி காலியாக இருந்தது. மெக்கானிக்கிடம் வாயால் பொய் சொன்னது சுலபமாக இருந்தது. அப்பா கையெழுத்துக்குக் கீழே தேதியை மாற்றி எழுத முடியவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுதினேன்: ஏர் ஃபில்டர் மாற்றியது, விக்கல் வருவதற்கு மூன்று நாள் முன்பு.

காலையில் அப்பா படித்தார். டீயைக் குடித்து முடிக்கும் வரை பேசவில்லை. "இத மொத நாளே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் டேனரிக்குக் கிளம்பிவிட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

உடனே பழையபடி மாட்டலாம் என்றால் பாக்ஸ் இல்லை. கடையில் கேட்டேன். பழைய சாமானோடு போய்விட்டதாம். வேலூரில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொல்லிவைத்து வருவதற்கு ஒரு வாரம் ஆனது. அதுவரை நெடுஞ்சாலைப் பக்கமே போகக்கூடாது, ஊருக்குள் மட்டும் ஓட்டி நோட்டில் எழுதணும் என்று உத்தரவு.

ஒரு வாரத்து எழுத்தைப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. காலை ஆறு மணிக்குக் கிளப்பினால் விக்கல் இல்லை. நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருந்தால் இல்லை. ஓடிச் சூடான வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்தால் மட்டும், ஒரு முறை தவறாமல், உண்டு. காலையிலும் மதியத்திலும் டேங்கில் இருந்தது அதே பெட்ரோல்தான். அதே பிளக்தான். ஆக அந்த ரெண்டு பேரும் விடுதலை. குற்றவாளி சூட்டோடு வருகிற யாரோ.

கூடப் படிக்கிறவனின் அண்ணனிடம் ஓபிடி அடாப்டர் ஒன்று இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் இஞ்சின் கம்ப்யூட்டர் என்ன நினைக்கிறது என்று போனில் காட்டும். சூடான வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி, கிளப்பிப் பார்த்தேன். உள்ளே போகும் காற்றின் சூடு: 71 டிகிரி. அப்பா கொண்டுவந்த கண்ணாடித் தெர்மாமீட்டரை ஃபில்டரின் வாய்ப் பக்கம் கட்டி, பானெட்டை மூடி, மறுபடி அதே மாதிரி பார்த்தோம். 46 டிகிரி. ரெண்டில் ஒன்று பொய்.

விஷயம் இதுதான். எங்கள் வண்டியில் உள்ளே போகும் காற்றை நேரடியாக எடை போடும் கருவி கிடையாது. இஞ்சினுக்குள் இழுக்கும் குழாயில் அழுத்தம் எவ்வளவு, காற்றின் சூடு எவ்வளவு என்ற ரெண்டையும் வைத்து, 'இவ்வளவு காற்று வந்திருக்கும்' என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அதற்கேற்ப பெட்ரோலைப் பீய்ச்சும். சூட்டை அளக்கும் குட்டி சென்சார் பழைய பாக்ஸில் செருகியிருந்தது. கூம்பு ஃபில்டரில் அதற்கு இடமில்லை. கடைப் பையன் அதை ஒரு பிளாஸ்டிக் டேக்கால் ரேடியேட்டர் ஹோஸோடு சேர்த்துக் கட்டிவிட்டான். அது காற்றை அளக்கவில்லை, ஹோஸை அளந்துகொண்டிருந்தது.

சூடான காற்று லேசானது. அதில் ஆக்சிஜன் குறைவு. 71 என்று கேட்டவுடன் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிட்டது. உண்மை 46 என்றால், சுமார் 7 சதவீதம் பெட்ரோல் பற்றாக்குறை. ஐடிலிங்கிலும் சீரான வேகத்திலும் சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இந்தத் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். சட்டென்று மிதிக்கும்போது திருத்த நேரம் இல்லை. கணக்கை நம்பித்தான் பீய்ச்ச வேண்டும். கணக்கே தப்பு. அதுதான் அந்த ஒரு செகண்டு.

(இது எங்கள் வண்டிக் கதை. காற்றை நேரடியாக எடை போடும் சென்சார் உள்ள வண்டிகளில், எண்ணெய் தடவிய ஃபில்டர் போட்டால் அந்த எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்து இதே விக்கல் வரலாம். ஆர்எக்ஸ் 100 அண்ணன்களுக்குச் சொல்லவே வேண்டாம். கார்புரேட்டர் வண்டியில் கூம்பைப் போட்டு ஜெட்டை மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும்.)

பாக்ஸ் வந்தது. 700 ரூபாய். அதே மெக்கானிக்கிடம் போய் உண்மையைச் சொன்னேன். "ஆறு மாசம்னியே தம்பி" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். மாட்டும்போது, இஞ்சின் தலையிலிருந்து வரும் ஒரு ரப்பர் ட்யூபைத் தூக்கிக் காட்டினார். அது பழைய பாக்ஸில் சேர வேண்டியது. வடிகட்டின காற்றை இஞ்சினுக்குள் ஆயில் இருக்கும் பகுதிக்குக் கொண்டுபோகும் வழி. கூம்பில் அதற்கும் இடமில்லாததால் வாய் திறந்தபடி தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு மாதமாக எங்கள் ஊர் ரோட்டுப் புழுதியை ஃபில்டர் இல்லாமல் நேராக ஆயிலுக்குள் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ட்யூபின் உள்ளே விரலை விட்டு எடுத்தால் சிவப்பாக மண்.

அதனால் விக்கல் வரவில்லை, சத்தம் வரவில்லை, ஒன்றுமே தெரியவில்லை. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் படித்தோமே, இருப்பாய்வு வெளிக்காட்டாத பிழைகள் என்று. விடு பிழை அதில் ஒன்று. எழுதாமலே விட்டுவிட்டால் ரெண்டு பக்கமும் அழகாகச் சமமாகிவிடும். பரீட்சையில் அதற்கு ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். விக்கல் மட்டும் வராமல் இருந்திருந்தால் அந்த ட்யூபை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயிலை உடனே மாற்றினோம். உள்ளே எவ்வளவு தேய்ந்தது என்று போகப்போகத்தான் தெரியும்.

இப்போது கணக்கு. பிளக் 540, திராட்டில் பாடி 900, பாட்டில் மருந்து 350, ஃபியூயல் ஃபில்டர் 1,260, கூலி 1,000. அப்பா பணம் மொத்தம் 4,050. என் சிவப்புக் கூம்பும் கூலியும் 1,450. பழைய பாக்ஸ் 700. ஆக 6,200 ரூபாய், ஆயில் தனி.

வரவு? நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் ரெண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழு மூச்சு இழுக்கும். 796 சிசி இஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினாலும் சுமார் 2,400 லிட்டர் காற்றுதான் அதிகபட்சம். அதற்குப் போதுமான பேப்பர் ஃபில்டரைத்தான் கம்பெனியில் வைத்திருக்கிறார்கள். மேலும் பழைய பாக்ஸ் வெளியிலிருந்து கொஞ்சம் குளிர்ந்த காற்றை இழுத்தது. என் கூம்பு இஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்றை இழுத்தது. ஆக பவர் ஏறவில்லை, இறங்கியிருக்கும். பாக்ஸ் அடக்கி வைத்திருந்த மூச்சுச் சத்தம் வெளியே வந்ததைத்தான் நான் பவர் என்று நினைத்தேன். வரவு: சத்தம்.

அந்த 4,050-ஐ டியூஷன் காசில் மாதம் 500 என்று கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி, நோட்டில் எழுதிக்கொள்கிறார். அந்த நோட்டு இப்போது டேஷ்போர்டில்தான் இருக்கிறது. கடைசி வரி போன வாரம் எழுதியது: ரத்தினகிரி, மதியம் 1.40, நிறுத்தியது பத்து நிமிடம், இளநீர் ரெண்டு, விக்கல் இல்லை. லாரி எதுவும் வராத நேரம் பார்த்துத்தான் ஏறினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பி.கு: சிவப்புக் கூம்பு ஃபில்டர் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. ஒரு மாதம்தான் ஓடியது (இது உண்மையான தேதி). வாங்க வருபவர்கள் தங்கள் அப்பாவையும் கூட்டி வரவும்.